பனியம்மன் அழுதாள்

1937ஆம் வருஷம் ஐப்பசி மாதம் மயிலாப்பூரில் ஒரு புது அம்மன் அவதரித்தாள். மற்ற அம்மன்களைப் போல அவள் புற்றிலிருந்தோ வேப்பமரத்தடியிலிருந்தோ வரவில்லை. சீமையில் பிறந்து, கப்பல் ஏறி, துறைமுகத்தில் சுங்கம் கட்டி, மாட்டு வண்டியில் லஸ் வரை வந்து, வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக் கூடத்தில் சில மாதம் முன்பே இறங்கியிருந்தாள். வெள்ளை நிறம். நான்கு கால். தலையில் கிரீடம் போல வட்டமாக ஒரு குழாய்ச் சுருள். மின்சாரம் நின்றால் அருளும் நின்றுவிடும்.

பெயர் பனியம்மன். வந்த புதிதில் அவளை எல்லோரும் ஐஸ் பெட்டி என்றுதான் சொன்னார்கள்.

பொழுது விடிந்தால் கூட்டம். மந்தைவெளியிலிருந்து நடந்து வந்தவர்கள், தியாகராய நகரிலிருந்து ஜட்கா பிடித்து வந்தவர்கள், அடையாற்றிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பு. பனியம்மன் அழுவாள். கதவின் கீழ் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் வடியும். அதுதான் தீர்த்தம். குடித்தவனுக்குக் காய்ச்சல் விட்டது என்றார்கள். தடவியவளுக்கு மூட்டு வலி போயிற்று என்றார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர் வழுக்கைத் தலையில் தேய்த்துக்கொண்டு, "முளைக்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு தெரியறது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தலையைக் குனிந்து காட்டினார்.

அந்தத் தீர்த்தத்தின் மகிமையை என்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பெட்டிக்கு அடியில் இருந்த தகரத் தட்டைத் தினமும் கழுவி வைத்தவள் நான்தான். இரவெல்லாம் கரப்பான்பூச்சிகள் நீராடிய தண்ணீர் அது.

நான் தேசம்மா. கடற்கரைக் குப்பத்தில் வீடு. வக்கீல் இருந்த தெருவில் ஐந்து வீடுகளில் பெருக்கிப் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தேன். வக்கீல் வீடு அதில் பெரியது. பெட்டியை அடுக்களைக்குள் விட வக்கீல் வீட்டு அம்மாள் ஒப்பவில்லை, மடி கெட்டுவிடுமாம். ஆகையால் அது கூடத்தில், சட்டப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே எலுமிச்சம்பழமும், பெருமாளுக்கு வாங்கிய மல்லிகைப்பூவும் இருக்கும். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் குளிர்ந்தது.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது.

வீட்டில் இருந்த யந்திரங்களுக்கெல்லாம் பூஜை நடந்தது. தையல் மிஷினுக்கு ஒரு பொட்டு. மோட்டாருக்கு நான்கு பொட்டு. பெட்டிதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது என்பதால் அதற்குக் கதவைத் திறந்து விளிம்பு முழுக்கச் சந்தனம், அதன்மேல் வரிசையாகக் குங்குமம். கதவைச் சுற்றியிருந்த ரப்பருக்கும் அபிஷேகம் நடந்தது. தலைச் சுருளுக்குப் பட்டுப் பாவாடை சுற்றி, அதன்மேல் கதம்ப மாலையும் சாத்தினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் ஹிமகிரி சுவாமி.

சுவாமி பன்னிரண்டு வருஷம் இமயமலைப் பனியில் உட்கார்ந்து தவம் செய்தவராம். அப்பேர்ப்பட்டவர் ஒரு மழைக்குளிருக்கே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு வந்தார். எந்தெந்த வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறது என்பதை மட்டும் ஞானதிருஷ்டியால் அறிந்து வைத்திருந்தார். குடிசைகளைப் பற்றி அந்தத் திருஷ்டி ஒன்றும் சொல்வதில்லை.

"சீதள சக்தியைக் கட்டாமல் வைத்தால் வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, மஞ்சள் தோய்த்த கட்டை விரல் பருமன் கயிறு ஒன்றைக் கதவின் கைப்பிடியில் சுற்றி, ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே கொடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய் முடிந்தார். அதற்குப் பனிக்காப்பு என்று பெயர். தியாகராய நகரில் ஒரு பெட்டியைக் குணப்படுத்தியதாகவும் சொல்லிவிட்டு, தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மல்லிகை வாடிப்போயிற்று. நான்காம் நாள் பெட்டி அழ ஆரம்பித்தது. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் ஓடிக் கொஞ்ச நேரம் ஓயும். இப்போது பகலும் இரவும் விடாமல் முனகியது. சுவாமிக்கு ஆள் போயிற்று. அவர் பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஓங்காரம்! கேட்கிறதா? அம்பாள் வந்து உட்கார்ந்துவிட்டாள். இது கண்ணீர் இல்லை, கருணை!"

வீட்டுக்காரர்கள் வைஷ்ணவர்கள். அம்மன் அவர்களுக்குச் சரிப்படுமா என்று அம்மாள் தயங்கினாள். அதற்கென்ன, 'பனித் தாயார்' என்று அழைத்துக்கொள்ளலாம் என்று சுவாமி பெரிய மனசோடு அனுமதி கொடுத்தார். வக்கீல் ஹைகோர்ட்டில் சாட்சிகளைக் கேள்வி கேட்டே அழவைப்பவர் என்று பெயர் வாங்கியவர். சுவாமியை அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பத்து நாளில் கண்ணீர் சிவப்பாயிற்று. கூட்டம் இரட்டித்தது. "ரத்தக் கண்ணீர்!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தட்டை எடுக்கக் குனிந்தவள், வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன்:

"சாமி, கவுறு மேல கதவு குந்திக்கினு கீது. நல்லா மூடல பாருங்க."

சுவாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் தவத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"யார் இவள்? மீன் வாடை வருகிறதே! அம்பாள் ஏன் ரத்தம் சிந்துகிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. இவள் மேல் கடற்கரைப் பேய் ஒன்று இருக்கிறது. இவள் தொடத் தொட அம்பாள் துடிக்கிறாள். வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் இவளை இங்கே நிறுத்துங்கள். வேப்பிலைக் கட்டால் இருபத்தோரு அடி. உச்சி முடியை அறுத்து மரத்தில் ஆணி அடிக்க வேண்டும்."

அம்மாள் இரண்டடி பின்னால் போனாள். "ஏண்டி தேசம்மா, இத்தனை நாளா பேயை வச்சுண்டா எங்காத்துல வளையவந்தே?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "வெள்ளிக்கிழமை வந்துடு. வரலேன்னா நீயே ஒத்துண்டதா ஆயிடும்."

வந்தால் அடி, வராவிட்டால் குற்றவாளி. அடிகூட ஆறிவிடும். பேய் பிடித்தவள் என்று பெயர் வந்தால் ஐந்து வீட்டு வேலையும் போகும். மயிலாப்பூரில் ஒரு வாசலும் எனக்குத் திறக்காது.

என் வீட்டுக்காரர் பெயர் ரங்கன். சென்ட்ரல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு மீன் பார்சல் கட்டுகிற வேலை. கூடையில் மீன், மேலே ஐஸ், அதன்மேல் மரத்தூள், சாக்கு, இறுக்கி ஒரு கட்டு. அன்றைக்கு நான் வீடு திரும்பியதும் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாமே, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"பொட்டி எங்க அழுவுது? கதவாண்டயா, பின்னாலயா?"

"யோவ், என்னைப் பேய்ன்றான்! நீ கதவைக் கேக்குறியே!"

"பேய் கீதுன்னா பேயைக் கேப்பேன். கதவுதானே கீது. சாக்கு ஒரு பக்கம் விலகுனா பெங்களூரு போறதுக்குள்ள ஐஸ் தண்ணியாப் போவும், மீனு நாறும். கூடையில பேய் பூந்துகிச்சின்னு சொன்னா மேஸ்திரி சும்மா வுடுவானா? செருப்பால அடிப்பான். நீ சாப்டு. வெள்ளிக்கிழமை நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. தீர்த்தத்துக்கு வந்தவர்கள் பாதி, நான் அடிபடுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. வேப்பிலைக் கட்டு தயாராக இருந்தது. ஆணியும் சுத்தியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு இருந்தன. ராகு காலம் தொடங்கியதும் சுவாமி என் கையைப் பிடிக்க வந்தார். ரங்கன் குறுக்கே வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். எம் பொஞ்சாதி தொட்டுத்தான் பொட்டி அழுவுதா?"

"சந்தேகமே இல்லை!"

"கவுத்தால இல்லியே?"

"மூடனே! கயிறுதான் அவளைக் காக்கிறது!"

"சரி." ரங்கன் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒரு துண்டு காயிதம் குடுங்க. எழுதினதா இருந்தாலும் பரவால்ல."

வக்கீல் குழப்பத்தோடு பழைய நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார். ரங்கன் அதைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இடம் மாற்றி வைத்தார், அங்கும் அப்படியே. கயிறு போகாத கீல் பக்கம் வைத்தார். அங்கே மட்டும் கெட்டியாகப் பிடித்தது.

"பாத்துக்குங்க. காயிதம் சும்மா வருதுன்னா காத்து சும்மா பூருதுன்னு அர்த்தம். மழைக்காத்து உள்ள பூந்து, பனியாப் புடிச்சி, கரைஞ்சி ஊத்துது. இதான் அழுவை."

"மீன் தொட்ட கை! பெட்டியைத் தொடாதே!" என்று சுவாமி அலறினார்.

"மீன் தொட்ட கைதான் சாமி. அதான் ஐஸைப் பத்தித் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குக் கேட்ட முதல் நல்ல சத்தம் அதுதான்.

அவர் கயிற்றை அவிழ்த்துத் தாம்பாளத்தில் வைத்தார். வெந்நீர் கேட்டார். ரப்பர் விளிம்பில் கல்லாகக் காய்ந்திருந்த சந்தனத்தை ஊறவைத்துத் துணியால் துடைத்தார். துணி சிவந்தது. அந்தத் துணியைப் போஸ்ட் மாஸ்டரிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க பெரியவரே. ரத்தமா?"

போஸ்ட் மாஸ்டர் முகர்ந்தார். "குங்குமம்னா இது!" என்றார். அவர் கை தானாக வழுக்கைக்குப் போய்த் துடைத்தது.

அடுத்தது தலைச் சுருள். ரங்கன் பட்டை விலக்கிக் கையை வைத்தார். "அம்மாடி, அடுப்பாட்டம் சுடுது! உள்ள இருக்குற சூட்டை இந்த வழியாத்தான் வெளிய தள்ளுது. அதுக்குப் பட்டு போத்தி, மாலை போட்டா எப்படிமா தள்ளும்? உங்க வூட்டுப் பொகைப் போக்கியில துணி அடைச்சிட்டு அடுப்பு மூட்டுவீங்களா?" பட்டு போயிற்று, மாலை போயிற்று. சுருளில் படிந்த தூசியை ஒரு புதுத் துடைப்பத்தால் தட்டினார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தார். மறுபடி காகிதம் வைத்து மூடி இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். நோட்டீஸ் கிழிந்தது.

"இப்ப தட்டுல தண்ணி ஊத்தி உள்ள ஐஸ் அறையில வெக்கிறேன். விளக்கு வெக்கிற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. எம் பொஞ்சாதி கதவுல முதுகைச் சாச்சிக்கினு இங்கியே குந்துவா. அவ தொட்டாத்தானே அழுவுது? தொட்டுக்கினே இருக்கட்டும். தண்ணி தண்ணியா இருந்தா இருபத்தோரு அடியும் எனக்கு. ஆணி அடிக்கவும் தலை கீது."

நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அத்தனை நேரம் வேலை செய்யாமல் ஒரு வீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. முதுகில் பெட்டியின் முனகல் அதிர்ந்தது. கூட்டம் கலையவில்லை, அடி யாருக்கு விழப்போகிறது என்று தெரியாமல் யார் போவார்கள்? சுவாமிக்குத்தான் திடீரென்று அனுஷ்டானம் நினைவுக்கு வந்தது. "உக்காருங்கோ சுவாமி, கருணையைப் பாத்துட்டுப் போகலாம்" என்றார் வக்கீல். குரலில் கோர்ட்டுக் கறார் லேசாக எட்டிப் பார்த்தது.

நாலு மணி வாக்கில் என் முதுகுக்குப் பின்னால் முனகல் சட்டென்று நின்றது. எனக்கு உயிரே நின்றது.

சுவாமி துள்ளி எழுந்தார். "போச்சு! ஓங்காரம் நின்றுவிட்டது! அம்பாள் மலையேறிவிட்டாள்! இந்தப் பாவி தொட்டதால்!"

கூட்டம் என் பக்கம் நகர்ந்தது. வேப்பிலைக் கட்டு யார் கைக்கோ போயிற்று. ரங்கன் அசையவில்லை.

"மூட்டை தூக்குறவன் வேலை முடிஞ்சா குந்தமாட்டானா? வந்த புதுசுல ஓடி ஓடி நிக்கும்னு இவதான் சொல்லியிருக்கா. நடுவுல நிக்காம ஓடுச்சே, அதான்யா சீக்கு. விளக்கு வெக்கிற நேரம் ஆவட்டும்."

அம்மாள் விளக்கை ஏற்றினாள். ஏற்றிய கையோடு அவளே வந்து கதவைத் திறந்தாள். குப்பென்று குளிர் என் பிடரியில் அடித்தது. தட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டவில்லை. தட்டினாள். கண்ணாடி போல ஒரு பாளம் தாம்பாளத்தில் விழுந்து, ஆணிக்கும் சுத்திக்கும் நடுவே உடைந்தது.

அப்போதுதான் வக்கீலுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது.

"சுவாமி, தியாகராய நகர்ல ஒரு பெட்டியைக் குணப்படுத்தினதாச் சொன்னேளே, எப்படி?"

"பழைய காப்பை அவிழ்த்து, ஓர் இரவு திறக்காமல் வைக்கச் சொன்னேன். விடிந்ததும் பனி உறைந்திருந்தது."

"அப்புறம்?"

"புதுக் காப்புக் கட்டினேன்."

"அப்புறம்?"

சுவாமி மப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

"மறுபடி அழுததா இல்லையா?"

"அழுதது. ஆகையால் மறுபடி…"

"அவிழ்த்தேள். குளிர்ந்தது. கட்டினேள். அழுதது. அதாவது, எதனால அழறதுன்னு உமக்கு முன்னாடியே தெரியும். குளிர்ந்த ராத்திரி எல்லாம் கயிறு எங்கே இருந்தது?"

"என் பையில்" என்று சொல்லிவிட்டுச் சுவாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரங்கன் அந்தப் பையை எடுத்துக் கவிழ்த்தார். மஞ்சள் தோய்த்த கயிறு, கண்டு கண்டாக, ஒரு கப்பலைக் கட்டுகிற அளவுக்கு விழுந்தது. காலையில் எனக்காகக் காத்திருந்த கைகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. சுவாமி கொல்லைப்புறமாக ஓடினார். இமயமலையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்குக் கால் அவ்வளவு பழக்கத்தில் இருந்தது ஆச்சரியம்தான்.

அம்மாள் என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அந்த வீட்டு வழக்கம் இல்லை. "நாளைக்குக் கார்த்தால சீக்கிரம் வந்துடுடி. கூடமெல்லாம் ஒரே மண்ணா கிடக்கு" என்றாள். ஐந்து வீட்டு வேலையும் எனக்கு நிலைத்தது. போஸ்ட் மாஸ்டர் மட்டும் போகும்போது உடைந்த ஐஸில் ஒரு துண்டைச் செம்பில் போட்டுக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டுமே" என்றார்.

என் வீட்டுக்காரர் காலமாகி இப்போது ஆறு வருஷம். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மீன் பார்சலில் ஊர்ப் பெயர் எழுதுகிற மையால், கிழிந்த சாக்கின் மேல். அவர் போன பதினாறாம் நாள் குப்பத்துக்கு ஒருவன் உடுக்கையோடு வந்தான். செத்தவரை வரவழைத்துப் பேசவைப்பானாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டு என்னை இழுத்துப்போய் அவன் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒரு வார்த்தையாவது கேட்க எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

ஒரு காகிதத்தையும் மையையும் அவன் முன்னால் வைத்தேன்.

"அவரு வந்தா எம் பேரை இதுல எழுதச் சொல்லு. அவரு கையெழுத்து எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உடுக்கையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே காகிதம் வைக்க ஒருவரும் இல்லை. நல்ல வரும்படி என்று கேள்வி.

வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறவர்கள் மாதம் ஒரு முறை கதவிடுக்கில் காகிதம் வைத்து இழுத்துப் பாருங்கள். பெட்டி இல்லாதவர்களுக்கும் காது இருக்கிறது. அதற்குள் யாராவது எதையாவது போட வரும்போது, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.