போதும் சாரின் சேவல்

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஓர் அலமாரியைக் காயலான் கடையில் போட்டார். கூடவே ஒரு மனிதரையும் போட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அந்த மனிதரை நாங்கள் 'போதும்' சார் என்போம். தி.நகரில் ஒரு முழு நாள் சுற்றிவிட்டு எதுவுமே வாங்காமல் திரும்பிய ஒரே சென்னைக்காரர் அவர்தான். கையில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. அதுவும் நடைபாதையில் பொறுக்கியது.

டெலிபோன் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் கட்டடம் நிற்பதே அவருடைய அப்பாவின் மனையில்தான்.

நான் குடிவந்த அன்று புது டிரில் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"எத்தினி ஓட்டை போடப் போறம்மா?"

"நாலு."

"நாலு ஓட்டைக்கு ஒரு மிஷினா? அப்பால இன்னா பண்ணுவ?"

"வச்சிருப்பேன்."

"இன்னாத்துக்கு? ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கவா?"

நாலாவது ஓட்டை முடிந்ததும் என் டிரில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய அலமாரிக்குப் போய்விட்டது. இருபத்து நான்கு வீட்டுக்கும் பொதுவான அலமாரி அது. ஓர் ஏணி, ஒரு பிரிண்டர், ஒரு பெரிய கிரைண்டர் எல்லாம் அதில் இருந்தன. எடுத்தவர் பலகையில் சாக்பீஸால் பெயர் எழுத வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தராவிட்டால் வாசலில் வந்து நிற்பார். பெல் அடித்தால் கரண்ட் வீண் என்பதால் இருமுவார்.

தீபாவளிக்கு முந்தின நாள் கிரைண்டருக்கு வரிசை நிற்கும். ஒரு வருடம் என் ஜாங்கிரியில் பூண்டு வாசனை. எனக்கு முன்னால் பூண்டு அரைத்த எதிர் வீட்டுக்காரியோடு நான் முதன்முதலில் பேசியதே அந்தச் சண்டையில்தான்.

"உங்களுக்கு மிஷின்னாலே ஆகாதா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"மிஷின் வோணான்னு யாரு சொன்னா? ஆளுக்கு ஒண்ணு வோணான்றேன்."

சொன்னவர் அடுத்த வாரமே ஒரு மிஷின் செய்தார். செத்துப்போன இரண்டு செல்போன், ஒரு மிதவை, கொஞ்சம் ஒயர். தரைத்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக நிற்கும். மொட்டை மாடி ஸ்பீக்கரில் ஒரு சேவல் கூவும். கூவினால் எல்லோரும் குழாயை மூடுவோம். அந்தக் கோடையில் தண்ணீர் லாரியையே மறந்து போனோம்.

ஏழாம் நம்பர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவும்போது அது கூவிவிட்டது. பெண்ணின் அப்பா பாய்ந்து போய்க் குழாயை மூடினார். மாப்பிள்ளை சோப்பு நுரையோடு நின்றார். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளை இன்றும் எங்கே சேவல் கூவினாலும் கையைப் பார்த்துக்கொள்கிறார்.

பிறகு செயலாளர் வாசல் கேட்டைத் திறக்க ஒரு செல்போன் ஆப் கொண்டுவந்தார். ஆப் இல்லாதவர்கள் எல்லாம் விசிட்டர். போதும் சாரிடம் இருந்தது பட்டன் போன். அப்பாவின் மனையில் அவர் தினமும் விசிட்டராக நின்றார்.

"யார் வீட்டுக்கு சார்?" செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்.

"என் வூட்டுக்குத்தான் நைனா."

"என்ன விஷயமா?"

"துன்றதுக்கு."

நான் என் போனில் அனுமதி கொடுத்தால்தான் கேட் திறக்கும்.

"ஒரு புது போன் வாங்கிக்கோங்க சார். உலகம் எங்கேயோ போயிடுச்சு" என்றார் செயலாளர்.

"போவட்டும் சார். நான் ரெண்டாவது மாடிக்குத்தான் போவணும்."

ஆன்லைன் பார்சல்கள் குவிந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டும் என்று, போதும் சார் ஊரில் இல்லாத வாரத்தில் செயலாளர் அலமாரியைத் தூக்கிப் போட்டார். அதன் பின்னால் இருந்த சேவல் மிஷினின் ஒயர் பெட்டியும் குப்பையோடு போயிற்று. அலமாரியைத் தூக்கப்போவதாக அவர் அறிவித்த சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். களைப்பாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. சேவலை நம்பியே பழகிய எங்களில் ஒருவர்கூடத் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியது.

திரும்பி வந்தவர் அலமாரி இருந்த இடத்தைப் பார்த்தார். பார்சல் தட்டைப் பார்த்தார். "போதும்மா" என்றார் என்னிடம். வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. வீட்டுக்கு ஒரு டிரில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர்கள் கதறுகின்றன.

செயலாளரே, அந்த அலமாரியைத் தூக்க யாரைக் கேட்டீர்கள்? மனையைக் கொடுத்தவர் மகனுக்குக் கேட் எப்போது திறக்கும்? வாட்ஸப் குழுவில் பதில் போடாதீர்கள், அவரால் படிக்க முடியாது. காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தெருவே பார்க்கும்படி கேட்டில் ஒட்டுங்கள்.

படிக்க நானே அவரை அழைத்து வருவேன். அப்போதும் அவர் விசிட்டர்தான் என்றால், யார் வீட்டுக்கு என்ற இடத்தில் என் வீட்டு நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள்.