மஞ்சள் மாறாத சட்டை

உத்தமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்க் கட்டின புருஷனைத் துணி துவைக்கச் சொல்வதாவது! போர்வெல் தண்ணீரின் உப்பு வாஷிங் மெஷினை அடைத்துவிட்டதாம். "சாம்பாரைக் கொட்டிக்கிட்டது நீங்க. சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டு எங்க வேணா போங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி மரகதம் காலையிலேயே சந்தாபுராவிலிருக்கும் அக்கா ருக்மிணி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள்.

அவனோ மதியம் வரை படுத்துக் கிடந்தான். சிவாஜிநகர் பிரியாணிக் கடையிலிருந்து நண்பன் கிரண் போன் மேல் போன். "பேகா வா குரு, சீக்கிரம்! பிரியாணி தீர்ந்துடும்!" சோப்புக்கு ஏது நேரம்? சட்டையைப் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொடியில் போட்டான். பைக் சாவியை எடுக்கிறான், மரகதம் பெரிய பையோடு உள்ளே வருகிறாள். நேரே கொடிக்குப் போனாள்.

"துவைச்சீங்களா?"

"என்ன கேள்வி இது? கை வலிக்கக் கும்மியிருக்கேன்!"

"சோப்பு போட்டா?"

"பின்ன, விபூதி போட்டா?"

"மஞ்சக் கறையில சோப்பு பட்டா செவந்துடுமே. இது பளிச்சுனு மஞ்சளாவே இருக்கே?"

உத்தமனுக்கு ரோஷம் பொங்கியது. சாயத் தொழிற்சாலையில் கழிவுத் தண்ணீர் அமிலமா காரமா என்று தினமும் பார்க்கிறவன் அவன். அவனுக்கே பாடமா!

"யாருகிட்ட? சோப்பு காரம். செவந்துச்சுதான். மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். அது அமிலம். ரெண்டும் முட்டிக்கிட்டு அடங்கிடுச்சு, மறுபடி மஞ்சள்! என்னைப் போய் சந்தேகப்படறியே, உனக்கே நல்லாருக்கா?"

இப்படியொரு பொய் தன்னிடம் இருந்தது அவனுக்கே அதுவரை தெரியாது.

"அடேங்கப்பா! இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்!" மரகதம் சட்டையை உருவிக்கொண்டு, பையோடு குளியலறைக்குள் போனாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "அக்கா வீட்டுக் காதுகுத்துல வேட்டி, மேஜைத் துணி எல்லாத்துலயும் சாம்பாருங்க! சோப்பு போட்டா, ஒரேயடியா செவந்துடுச்சு. அலசலாம்னா தண்ணி டேங்கர் வரல. ருக்மிணி அக்கா அழுதுட்டா. எங்க வீட்டுக்காரர் கை வெச்சா சரியாயிடும்னு அவகிட்ட சொல்லிடறேன். வாங்க, உக்காருங்க!"

போன் மறுபடி அடித்தது. உத்தமன் எட்டிப் பார்த்தான். வாளி நிறையச் சிவந்த துணி. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தாயே மரகதம், நான் சோப்பே போடல! எலுமிச்சம்பழமும் இல்ல, ஒண்ணும் இல்ல! ஆளை விடு!"

"தெரியும். அதான் உங்க சட்டையையும் சேர்த்து ஊறப் போட்டுட்டேன்."