டாலாவில் ஒரு முயல் காடு

யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள டாலாவில் முயல் வளர்க்கும் அம்சாவுக்கு ஒரே ஒரு முத்திரைதான் வேண்டியிருந்தது. யாங்கூன் உணவுக்கடைக்காரர்கள் ‘நீடித்த உற்பத்தி’ என்ற பச்சை முத்திரை இல்லாத முயலை இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாப்பிட வருகிறவர்களுக்கு மனசாட்சி வந்துவிட்டதாம். முயல் முத்திரைக்காகக் காத்திருக்குமா? கூண்டு நிறைந்தது, அடுப்படி நிறைந்தது. அம்சாவும் புருஷன் வேலப்பனும் படுக்க ஒரு மூலைதான் மிச்சம்.

ஒரு முயலைத் தூக்கிக்கொண்டு படகேறி, யாங்கூனின் கியாக்டடாவில் முத்திரை தரும் அலுவலகத்துக்குப் போனாள். காட்டுக்கும் முயலுக்கும் சேர்த்து ஒரே அதிகாரி, தேவராஜ். வருகிறவர்கள் மரியாதையாக ‘சாயா’ என்பார்கள். காட்டு விதிகள் வந்துவிட்டன. முயல் விதிகள் வந்தபாடில்லை. அதற்காக அரசாங்கக் கடமை நின்றுவிடலாமா? தேக்குக்கு உள்ள விதியையே முயலுக்கும் கருணையோடு வழங்கினார்.

“நெஞ்சு உயரத்துல சுத்தளவு எடுக்கணும்,” என்று நாடாவைப் பிடித்தார். அந்த உயரத்தில் முயல் இல்லை. அது தரையில் இருந்தது.

“இன்னும் வளரலியே, அம்சாம்மா.”

“இதுக்கு மேல வளராது, சாயா.”

அம்சா முயலைத் தூக்கி அவர் நெஞ்சுக்கு நேரே காட்டினாள். அளந்தார். தேக்கு வெட்டுவதற்கு விதித்த ஏழடிச் சுற்றளவுக்கு ஆறடி குறைந்தது.

“போகட்டும். வெட்டுறதுக்கு முன்னாடி பதிலுக்கு நடணும். நட்டாச்சா?”

“அதுங்களே குட்டி போட்டுக்குதுங்க. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

தேவராஜ் எழுந்தே நின்றுவிட்டார். மனிதக் கை படாமல் தானே பெருகினால் அது இயற்கை மீளுருவாக்கம். அது நடக்கும் இடம் பாதுகாக்கப்பட்ட காடு. காட்டுக்குள் குடியிருப்பது குற்றம். மறுவாரமே அம்சாவின் வீட்டைச் சுற்றி வேலி எழுந்தது. தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எதிரே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, சொந்த வீட்டைப் பார்த்து அம்சா அழுதாள். உள்ளே முயல்களுக்குக் காவல்காரர் கேரட் போட்டுக்கொண்டிருந்தார்.

காட்டின் திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் படகு படகாக வந்தார்கள். விருந்து வைக்காமல் அனுப்ப முடியுமா? கையெட்டும் தூரத்தில் காடு இருந்தது. கைப்பக்குவம் நன்றாயிருக்கும் என்று அம்சாவையே சமைக்கச் சொன்னார்கள். முத்திரை எங்கே என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவே பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தரமும் கேட்டு வாங்கியது. காலையிலிருந்து பட்டினி கிடந்த அம்சாவும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள்.

இலை எடுத்ததும் தேவராஜிடம் போனாள்.

“முயல் தீந்துபோச்சு சாயா. காடு இல்லே. வீட்டைக் குடுத்துருங்க.”

“காடு அழிஞ்ச இடத்துல மறு நடவு முடியிற வரைக்கும் யாரும் குடியேறக் கூடாது,” என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே. “அழிச்சவங்கதான் நட்டுக் குடுக்கணும்.”

“அழிச்சது நானா? ஊரே தின்னுச்சே சாயா.”

தேவராஜ் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. தின்ற அத்தனை பேரும் நட வேண்டும், அதற்கு அம்சாவின் வீடு மட்டும் போதாது என்று மறுநாள் தெருவில் இருந்த அத்தனை வீடுகளுக்கும் வேலி போட்டார்கள். அதே பந்தியில் சாப்பிட்ட தேவராஜின் வீட்டுக்கு வேலி இல்லை. அவர் கடமையின் பொருட்டுச் சாப்பிட்டவர்.