ஹாஜியார் வீட்டு கேட் வரைதான்

நாலாவது நாளும் சுதேஷின் கால்கள் சரியாக ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வீட்டு கேட்டுக்கு முன்னால்தான் வேலைநிறுத்தம் செய்தன. கெண்டைக்கால் இரண்டும் அம்மிக்கல்லாக இறுகிவிட்டன. இடது பாதம் மரத்துப்போய், படியில் ‘டப், டப்’ என்று அடித்தது. முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான்.

கேட் திறந்தது. சாரமும் தொப்பியுமாக ஹாஜியார் வெளியே வந்தார்.

"தம்பி, நாலு நாளா பாத்துட்டு ஈக்கிறேன். இந்த இடத்திலயே வந்து நிக்கிறீங்க. யாரத் தேடுறீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுதேஷுக்கு உத்தியோகம் அப்படி. கண்டியில் ஒரு தனியார் பாடசாலையில் அவன் விளையாட்டு ஆசிரியர். அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த மாதக் கடைசியில்தான் அதிபர் முடிவு சொல்லப்போகிறார். மைதானத்தில் விசிலை ஊதிக்கொண்டு நிற்கும்வரை அவனுக்கு ஒரு குறையுமில்லை. ஏற்றத்தில் நடந்தால்தான் வினை. கெண்டைக்கால் சதை வீங்கும், அதைச் சுற்றியிருக்கிற உறை கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது, உள்ளே அமுக்கம் கூடிக் கால் கல்லாகிவிடும். சிறிது நேரம் நின்றால் போதும், ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் சரியாகிவிடும். வைத்தியர் இதற்கு வாய்க்குள் அடங்காத ஒரு ஆங்கிலப் பெயரைச் சொன்னார். உறையைக் கீறிவிட ஒரு சத்திரசிகிச்சை இருக்கிறது, அதுவரை ஏற்றம் வேண்டாம் என்றார். கண்டியில் இருந்துகொண்டு ஏற்றம் வேண்டாமென்றால் மனிதன் எங்கே போவது? வாடகை மலிவென்று சுதேஷ் பிடித்த அறையோ கண்டிக்குப் பக்கத்து மடவளையில், முச்சக்கரவண்டிகூட ஏறாத ஒரு படிக்கட்டு ஒழுங்கையின் உச்சியில் இருந்தது.

மடவளையில் சொன்ன கதை பஸ்ஸுக்கு முன்னால் கண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். படியேற முடியாத விளையாட்டு வாத்தியாரை எந்த அதிபர் வைத்துக்கொள்வார்? குனிந்திருந்த கண்ணுக்கு நேரே கேட்டோரத்துச் சாக்கடைக் கான் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னான்.

"கான்ல தண்ணி தேங்கி நிக்குதுங்க, ஹாஜியார்."

ஹாஜியாரின் முகம் மாறியது. டெங்குக் காலம். அடுத்தவன் வீட்டுக் கானைக் குனிந்து பார்க்கிறவர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. பி.எச்.ஐ என்கிற சுகாதாரப் பரிசோதகர். அந்த ஒழுங்கையில் யாரும் அவரைக் கண்டதில்லை, ஆனால் நுளம்புப் புழு ஒன்று அகப்பட்டால் நேரே வழக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஜஹானா," என்று மகளைக் கூப்பிட்டார். "சேருக்குக் குந்த ஒரு கதிரை கொண்டு வாங்க."

அடுத்த நாள் கான் கழுவிய பீங்கானாக இருந்தது. கேட்டுக்கு வெளியே கதிரை. பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்டி, ஒரு தட்டு பற்றீஸ். ‘நான் பி.எச்.ஐ இல்லை’ என்று சொல்லத்தான் சுதேஷ் வாயைத் திறந்தான். கால் கெஞ்சியதால் உட்கார்ந்தான். வாய் திறந்திருந்ததால் பற்றீஸும் உள்ளே போய்விட்டது. தண்ணீர் தேங்கித்தான் நின்றது, அதைத்தான் சொன்னேன், இதில் பொய் எங்கே என்று மனசாட்சியைச் சமாளித்துக்கொண்டான்.

இரண்டொரு நாளில் பற்றீஸ் தொண்டையில் சிக்கத் தொடங்கியது. இனி அங்கே நிற்கவே கூடாது, ஒரே மூச்சில் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக ஏறினான். வேகம் கூடினால் வலி முந்திக்கொள்ளும் என்பது பாவிக்கு மறந்துபோயிற்று. கால் ஒரு வீடு முன்னதாகவே இறுகியது. அது ஹாட்வெயார் கடைக்கார ரஸீனுடைய வீடு.

ரஸீன் பேயறைந்தவர் போல ஓடிவந்தார்.

"ஹாஜியார்தானே சேர் காட்டிக் குடுத்தது? என்ட ஊட்ல ஒண்ணும் இல்ல. வேணுமெண்டா அவர்ட மேல் டேங்கியப் போய்ப் பாருங்க. மூடியே இல்ல."

சுதேஷ் பேசாமல் காலை அமுக்கிக்கொண்டிருந்தான். கத்துகிற அதிகாரியைச் சமாளிக்கலாம். பேசாத அதிகாரியை என்ன செய்வது? ரஸீன் வீட்டுப் பூச்சாடிகள் அன்றே கவிழ்ந்தன. டேங்கிக் கதை மதிலைத் தாண்டிப் போனது.

"என்ட டேங்கியப் பத்திக் கதைக்கிறானா? அவன்ட பின்வளவு டயரப் பத்தி நான் கதைக்கட்டுமா?" என்றார் ஹாஜியார்.

காலங்காலமாக ஒரே மதிலைப் பங்குபோட்டவர்கள் ஸலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

சுதேஷ் பயந்துபோய் மறுநாள் ஆமை போல ஏறினான். வலி பிந்தித்தான் வந்தது. ஆனால் ஹாஜியார் வீட்டுக்கு மேலே இருந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போக வேண்டியதாயிற்று. ஒழுங்கை முழுவதும் கலங்கியது. யோகட் கோப்பையும் சிரட்டையும் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கின. யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவன் சுதேஷ்தான். இப்போது அது எல்லாருடைய சாரத்துக்குள்ளும் ஓடியது.

வெள்ளிக்கிழமை மாலை அவன் ஏறி வந்தபோது, ஹாஜியாரும் ரஸீனும் நடுப்படியில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் ஒருவனால் ஒரு ஒழுங்கையே நாசமாகிறதே. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. நான் பி.எச்.ஐ இல்ல. எனக்குக் கால் வருத்தம். ஏறினா கெண்டைக்கால் கல்லாகிரும். அதான் நின்னு நின்னு போறேன்."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து அவன் காலைப் பார்த்தார்கள்.

"எங்க, காட்டுங்க பாப்பம்," என்றார் ரஸீன்.

சுதேஷ் காற்சட்டையைச் சுருட்டினான். ரஸீன் அமுக்கிப் பார்த்தார்.

"பஞ்சு மாதிரி ஈக்கி."

"இப்ப சரியாயிருச்சுங்க."

"எப்ப சரியான?"

"நீங்க சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரம்."

இதை யார் நம்புவார்? ஏறிக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைத்து, திரும்ப ஏறி வருவதற்காகக் கீழ்நோக்கி ஓடினான். அவனுடைய நல்ல நோக்கம் அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"புடிங்க, ஓடுறான்," என்றார் ஹாஜியார்.

ரஸீன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் அமுக்கினார். அமுக்கி உட்காரவைத்த பிறகு அந்தக் கால் எங்கே வலிக்கப்போகிறது?

"என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டாள் ஜஹானா.

"விளையாட்டு ஆசிரியர்."

ஒழுங்கையே சிரித்தது.

"படியேற ஏலாத விளையாட்டு வாத்தியாரா?" என்றார் ரஸீன். "இவன் ஊடு பாத்துட்டுப் போற கள்ளன்."

சுதேஷ் பாடசாலையின் பெயரைச் சொன்னான். ஜஹானா உடனே போனை எடுத்தாள்.

"என்ட மகன் அங்கதானே படிக்கிற. அதிபர்ட நம்பர் ஈக்கி. இப்பவே கேக்கிறேன்."

சுதேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே மணி அடித்தால் இங்கே வேலை போய்விடும்.

"பொறுங்க," என்றார் ஹாஜியார். "மொதல்ல உண்மையான பி.எச்.ஐ வரட்டும். அவர் மாதிரி நடிச்சதுக்கு என்ன வழக்கெண்டு கேட்டுட்டு, பொறகு அதிபருக்கு எடுப்பம்."

கீழே றோட்டில் முச்சக்கரவண்டி ஓட்டும் முஹ்ஸினுக்குச் செய்தி போனது. பி.எச்.ஐ கந்தோருக்குப் போய் எப்படியாவது ஆளைப் பிடித்துக்கொண்டு வரச்சொல்லி உத்தரவு. ஜஹானா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சுதேஷ் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பொது எதிரி ஒருவன் கிடைத்த சந்தோஷத்தில் ஹாஜியாரும் ரஸீனும் ஒரே தட்டில் பற்றீஸ் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

கடைசியில் முஹ்ஸின் படியேறி வந்தான். தனியாக வந்தான்.

"எங்கடா பி.எச்.ஐ?" என்றார் ஹாஜியார். "வரல்லயா?"

"வந்தாரு. மொத வளைவிலயே குந்திட்டாரு."

"ஏன்?"

முஹ்ஸின் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி இறுகிட்டாம், கொஞ்சம் இருந்தா சரியாகுமாம், ‘இந்த வருத்தத்தாலதான் நான் ஒரு நாளும் இந்தப் பக்கம் வரல்ல, மேல நிக்கிற மனிசனையே தொடர்ந்து பாக்கச் சொல்லுங்க’ எண்டு சொல்றாரு."