நஞ்சுண்டன், பி.இ.

"சனிக்கிழமை ஆபீஸ் இருக்காது புவனா. திரும்பிப் போயிரலாம்" என்றான் நஞ்சுண்டன். மாருதி கார் அப்போதுதான் சிங்காநல்லூரைத் தாண்டியிருந்தது.

"ரெண்டாவது சனிக்கிழமைதானுங்க லீவு. இன்னைக்கு மூணாவது" என்றாள் அவன் மனைவி, மடியிலிருந்த கைப்பையைத் தட்டியபடி.

நஞ்சுண்டன் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் நடத்துபவன். போன மாதம் மில் வாசலுக்குப் புதுப் பலகை எழுதியபோது, தன் பெயருக்குப் பின்னால் சிவப்பில் 'பி.இ.' என்று போடச் சொன்னான். வந்தது வினை.

"அப்படியே சர்டிபிகேட்டையும் சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டிரலாமுங்க. அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை புது மிஷின் பூஜைக்கு எங்கண்ணனுங்க எல்லாம் வர்றாங்கல்ல?" என்றாள் புவனா.

"அது காலேஜ்லயே கெடக்குது. போய் வாங்க எனக்கு நேரமெங்க இருக்குது?" என்று பதினைந்து வருடமாகச் சொல்லும் பதிலையே சொன்னான். இந்த முறை அவள் கிளம்பிவிட்டாள்.

உண்மையில் காலேஜில் ஒன்றும் கிடக்கவில்லை. தெர்மோடைனமிக்ஸ் என்ற ஒரே ஒரு பேப்பர், ஆறு முறை எழுதியும் அவனை விடவில்லை. ஏழாவது முறை எழுதுவதற்குள் பெண் பார்த்துவிட்டார்கள்.

இத்தனை வருடம் குட்டு உடையாததற்குத் தன் வாய்ச் சாமர்த்தியமே காரணம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. மாமனார் லேசுப்பட்ட ஆளா? ஒரு ஜோடிக் காளை வாங்குவதற்குள் சுழி பார்த்து, பல் பார்த்து, விற்பவனின் ஊருக்கே போய் நாலு பேரிடம் விசாரிக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவரே மாப்பிள்ளை பி.இ. என்றதும் மறுபேச்சில்லாமல் உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்துவிட்டார். அவரையே சமாளித்தவனுக்கு ஒரு காலேஜ் ஆபீஸ் எம்மாத்திரம்? ஒரு மணிக்கு அதை மூடிவிடுவார்கள். அதுவரை ஊரைச் சுற்றிக் காட்டினால் போதும்.

காலேஜ் இருக்கும் பீளமேட்டில் இறங்கியதும் வேலையை ஆரம்பித்தான்.

"இங்கதான் நானும் என்ற ரூம்மேட் வெங்கடபதியும் டீ குடிச்சுக்கிட்டே படிப்போம்" என்று ஒரு கடையைக் காட்டினான். டீக்கடை இப்போது ஜெராக்ஸ் கடையாகியிருந்தது.

"நல்லதாப் போச்சுங்க. சர்டிபிகேட்ட வாங்கீட்டு இங்கயே நாலு காப்பி எடுத்துக்கலாம்."

ஹாஸ்டலைக் காட்டினான். மைதானத்தைக் காட்டினான். பழைய மில் சங்கு ஊதினால்தான் எழுந்திருப்போம் என்றான். மூன்றாவது முறையாக மைதானத்தைக் காட்டியபோது புவனா நின்றுவிட்டாள்.

"காலு வலிக்குதுங்க. ஆபீஸுக்குப் போனா உக்காந்துக்கலாம்."

"ஆபீஸு அந்தப் பக்கம்" என்று பட்டறை இருக்கும் திசையில் கையைக் காட்டினான். அவளோ யாரிடமும் வழி கேட்காமல், சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி இடப்பக்கம் திரும்பி, நேராக ஆபீஸ் படியேறினாள். என்ன செய்வது என்ற கவலையில் நஞ்சுண்டன் பின்னாலேயே ஓடினான்.

உள்ளே அட்டெண்டர் பாலுசாமி மட்டும் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க சார்" என்றார், விஷயத்தைக் கேட்டதும்.

நஞ்சுண்டனுக்கு உயிர் வந்தது. "அடடா, அது மறந்து போச்சுங்களே! இன்னொரு நாளைக்கு..."

புவனா கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சளேறிய காகிதத்தை நீட்டினாள். அவனுடைய பழைய ஹால் டிக்கெட். "பரண்ல தகரப் பெட்டிக்குள்ள இருந்துதுங்க."

"அது கெடக்குது விடுங்க" என்று இடையில் புகுந்தான் நஞ்சுண்டன். "இத்தனை வருசத்துல அந்தச் சர்டிபிகேட்டக் கரையான் அரிச்சிருக்கும். நீங்க எதுக்குத் தேடிச் சிரமப்படறீங்க?"

இதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. பாலுசாமியின் முகம் சிவந்துவிட்டது.

"கரையானுங்களா? முப்பது வருசமா பீரோவுக்குள்ள வேப்பந்தழை வெச்சுக் காப்பாத்திக்கிட்டு இருக்கறனுங்க. ஒரு காயிதம் ஓட்டையாகலை. இருங்க, எடுத்துட்டு வந்தே காட்டறேன்!" உள்ளே போகத் திரும்பியவர் புவனாவை உற்றுப் பார்த்தார். "அம்மணிய எங்கயோ பாத்தாப்புல இருக்குதுங்களே?"

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று புவனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே பீரோ கிறீச்சென்று திறந்தது. அந்தச் சத்தத்தில் நஞ்சுண்டனின் சாமர்த்தியம் மொத்தமும் கரைந்து போனது. வேறொருத்தர் வாயால் அவள் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"புவனா, அங்க சர்டிபிகேட் இல்லை."

"கரையானுங்களா?"

"இல்ல. ஒரு பேப்பர் போயிருச்சு. ஆறு தடவை எழுதியும் பாஸாகலை. உன்னையப் பாத்துப்போட்டு வந்தப்புறம், சொன்னா கல்யாணம் நின்னு போயிருமோன்னு பயம். அதுக்கப்புறம் சொல்ல வாயே வரலை. பலகைல அந்த ரெண்டு எழுத்த நாளைக்கே அழிச்சுப் போடறேன். உங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவரு என்னைய நம்பிப் பொண்ணு குடுத்தவரு."

புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழுவாத அம்மணி" என்றான். அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

பாலுசாமி தூசி படிந்த பெரிய ரிஜிஸ்டருடன் வெளியே வந்தார். நஞ்சுண்டனை அவர் பார்க்கவேயில்லை. முகமெல்லாம் சிரிப்பாகப் புவனாவிடம் சொன்னார்:

"இப்பத்தானுங்க அம்மணி ஞாபகம் வந்துது! கல்யாணத்துக்கு முந்தி நீங்களும் உங்கப்பாவும் வந்து விசாரிச்சப்பவே, இவரு பெயிலுன்னு இதே ரிஜிஸ்டரத்தானுங்களே காட்டினேன்? நடுவுல எப்பவாச்சும் பாஸாயிருப்பாருன்னு இன்னுமா நம்பிக்கிட்டு இருக்கறீங்க?"