ஓல்டனில் ஒரு ஜப்பான் தூதர்

ஜப்பானையும் அமெரிக்காவையும் சண்டையில்லாமல் ராசியாக வைத்திருக்கும் பொறுப்பு தன் தலையில்தான் கிடக்கிறது என்று நம்பி, சுவிஸின் ஓல்டன் நகரில் நித்திரை கெட்ட ஒரே தமிழர் எங்கள் ஜப்பான் அண்ணைதான்.

ஜப்பானுக்கு அவர் போனதில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் வாசம். யாராவது இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் போதும், அமெரிக்காவோடு நட்பாக இருக்கப் பாடுபட்ட ஜப்பானியத் தலைவர்களை ஒவ்வொருவராக இறக்குவார். ஜப்பானியப் பெயர்கள் அவர் வாயில் நிற்காது. அதனால் சண்டை தொடங்கும் வரை பேசிப் பார்த்த தூதர் ‘கதைச்சுப் பார்த்த ஐயா’ ஆனார். தன் நாட்டை அமெரிக்கர்களுக்கு விளங்கவைக்க இங்கிலீஷில் எழுதியவர் ‘புத்தக ஐயா’. வாஷிங்டனுக்குச் செர்ரி மரங்கள் கொடுத்த நகரத் தலைவர் ‘மரம் அனுப்பின ஐயா’.

என் மனைவி வெகுகாலம் இவர்களை அண்ணையின் தாய்மாமன்மார் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் கேட்டும்விட்டாள்.

“உங்கடை மரம் அனுப்பின மாமா இப்ப சுகமோ, அண்ணை?”

“அவர் செத்து எவ்வளவு காலம், தங்கச்சி.”

மனைவி துக்கம் விசாரித்தாள். அண்ணையும் கண் கலங்கி ஏற்றுக்கொண்டார்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பது ஏறக்குறைய குற்றம். கட்டடத்துக்குப் பொதுவான தோய்க்கும் அறையில் மனைவி ஒரு ஞாயிறு மெஷினைப் போட்டுவிட்டாள். கீழ்வீட்டு அம்மா ஃப்ரௌ கெர்பர் கட்டட நிர்வாகத்திடம் முறைப்பாடு வைத்தார். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேறு வீடு கிடைப்பது இங்கே லேசான காரியம் இல்லை.

அண்ணை டை கட்டிக்கொண்டு சமாதானம் பேசக் கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

“தம்பி, விசயம் சின்னன். மனிசிக்குக் கிர்சி வேணுமாம்.”

கிர்சி என்றால் இங்கத்தைய பேச்சில் செர்ரிப் பழம்.

“என்னத்துக்கு, அண்ணை?”

“உங்களோடை கிர்சி சாப்பிடுறது நல்லாயிராது எண்டு சொன்னவ. ஆசை இல்லாமலோ கிர்சியைப் பற்றிக் கதைக்கிறா?”

எனக்குத் தலை சுற்றியது. அண்ணைக்குச் சுற்றவில்லை. பழத்தை விட்டுவிட்டு மரத்தையே வாங்கினார். சட்டியில் நின்ற கன்றுக்கு ரிப்பன் கட்டி ஃப்ரௌ கெர்பரின் வாசலில் வைத்தார். மறுநாள் காலை அது குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக நின்றது. இலையெல்லாம் பூச்சி என்று ஃப்ரௌ கெர்பர் படியில் நின்று கட்டடத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

நாங்கள் இடிந்துபோனோம். அண்ணை துள்ளினார்.

“முதல் அனுப்பின மரங்களிலையும் பூச்சிதான், தம்பி. வாஷிங்டனிலை எல்லாத்தையும் எரிச்சவங்கள். ஐயா கோவிச்சவரோ? திரும்பவும் அனுப்பினவர். எல்லாம் சரியாத்தான் போகுது.”

“அண்ணை, எங்கடை வீடெல்லோ போகப்போகுது.”

“நீர் பொறும். ரண்டாவது மரம் நிக்கும்.”

இரண்டாவது கன்றின் இலைகளை ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துத்தான் கொண்டுபோய் வைத்தார். அன்று பின்னேரம் ஃப்ரௌ கெர்பர் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். இங்கேயே பிறந்த என் மகள்தான் கதவைத் திறந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, அது இவையின்ரை பேச்சுவழக்கு. உங்களோடை கிர்சி சாப்பிடுறது நல்லாயிராது எண்டால், உங்களோடை ஒருத்தரும் ஒத்துப்போக ஏலாது எண்டு அர்த்தம். ஏசியிருக்கிறா. ஜப்பான் மாமா அதைக் கிர்சி கேட்டதா விளங்கியிருக்கிறார்.”

அதையே அவள் ஃப்ரௌ கெர்பருக்கும் விளக்கினாள். தான் ஏசியதற்குத்தான் இரண்டு மரம் வந்திருக்கிறது என்பது அவருக்கு மெல்லத்தான் பிடிபட்டது. மரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

தோய்க்கும் அறைக்குப் பின்னால் மரம் வேர் பிடித்தது. முறைப்பாடு ஒன்றும் பிறகு வரவில்லை. கிர்சியின் உண்மை அர்த்தத்தை அண்ணைக்குச் சொல்ல எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

அண்ணை இப்போது ஃப்ரிபூர்க்கில் மகளோடு இருக்கிறார். அங்கே பிரெஞ்சும் பேசுவார்கள். எதை எப்படி விளங்கிக்கொண்டு யாரை ராசியாக்கிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. மேல்மாடியில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் வலிய வந்து எங்கள் சண்டைக்குள் மூக்கை நுழைப்பதில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இந்தக் கோடையில் மரம் முதன்முதலாகப் பழுத்தது. ஃப்ரௌ கெர்பர் ஒரு கிண்ணம் நிறையக் கிர்சியோடு மேலே வந்து எங்கள் சாப்பாட்டு மேசைக்கு முன் உட்கார்ந்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

“அந்த ஜப்பான்காரர் எப்போது வருவார்?” என்று அவர் கேட்டார்.

இவ்வளவு காலமும் அண்ணையை அவர் ஜப்பான்காரர் என்றே நினைத்திருக்கிறார். நான் திருத்தப் போகவில்லை. எழுந்துபோய் ஒரு டப்பாவில் பழத்தை அள்ளி மூடினேன்.

“ஆருக்கப்பா?” என்றாள் மகள்.

“எங்கடை மரம் அனுப்பின ஐயாவுக்கு,” என்று சொல்லிவிட்டு ஃப்ரிபூர்க் ரயிலுக்கு ஓடினேன்.