‘ஐயோ’ என்றால் சிரிக்க வேண்டும்

டெலிவிஷனில் ஆளைக் காட்டாமல் சிரிக்கிறார்களே, அவர்கள் அந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அமெரிக்காவைப் பற்றி வேறென்ன தெரியும்? பெரிய வீடு, நிறையச் சொந்தம், எல்லாருக்கும் நல்ல பல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு வருஷம் முன்பு அது. எங்கள் ஊரான சென்ட்ர் டி ஃப்ளாக்கில் எங்கள் தெருத் துணிக்கடைக்காரர் மட்டும்தான் பெட்டி வாங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் நின்று பார்ப்போம். அமெரிக்கப் புருஷனும் பெண்டாட்டியும் பிரெஞ்சில் சண்டை போடுவார்கள். (அது வேறு யாரோ கொடுத்த குரல் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

அந்த வருஷப் பிறப்புக்குக் கோயில் தமிழ் வகுப்பில் நாடகம் போட வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். இந்தியாவிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அவருக்கு. கதைக்கு எங்கே போவது என்று எல்லாரும் விழித்தபோது என் அக்கா மாலா, தங்கச்சி சனிக்கிழமை பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லுவாள் என்று என்னை மாட்டிவிட்டாள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அமெரிக்காவைத் தமிழாக்குவது லேசில்லை. ஆபீஸிலிருந்து வரும் புருஷன் மனைவிக்கு முத்தம் கொடுப்பான். நாங்கள் மனைவி அவனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பதாக மாற்றினோம். மாமியார் வந்தால் அங்கே மருமகன் அலமாரிக்குள் ஒளிவான். நம்மில் எந்த மருமகன் ஒளிந்தான் என்று வாத்தியார் கேட்டதால், மாமியாரைக் கரும்புத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் சர்தாராக ஆக்கினோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் பாட்டுத் தமிழ். ஆகவே மனைவி, "எம்பெருமானே, காப்பி ஆறுகிறது" என்றாள்.

மனைவி வேஷம் அக்காவுக்கு. அதில் ஒரு விஷயம் இருந்தது. ரோஸ் ஹில்லில் அரசாங்க வேலை பார்த்த ஒரு பெரியவர் தம் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். அவரைச் சிறப்பு விருந்தாளியாக அழைத்து, நாடகம் பார்க்கிற சாக்கில் பெண் பார்க்கட்டும் என்று அப்பா ஏற்பாடு செய்திருந்தார். மகனை அக்கா காவடித் திருவிழாவில் பார்த்திருந்தாள். பிடித்திருந்தது. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

கெட்ட வேளை, எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பார்க்க வருகிறவர்களுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. எங்கே சிரிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். டெலிவிஷன் மாதிரியே திரைக்குப் பின்னால் ஆள் வைத்துச் சிரித்தால்? ஆறு பேரைப் பிடித்தேன். அவர்களுக்கும் தமிழ் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வேடிக்கைக்கும் கடைசியில் ‘ஐயோ’ என்று எழுதி, அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் சிரிக்க வேண்டும், நான் வந்து நாடகம் முடிந்தது என்று சொல்லும்வரை அதை விடக்கூடாது என்று பழக்கினேன். தமிழை மறந்தவர்கள்கூட எங்கள் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோலில் பேசும்போது ஐயோ என்றுதான் சொல்வார்கள். எல்லார் வாயிலும் இருக்கிற சொல்லைப் பிடித்ததில் இருந்த ஆபத்து என் மண்டைக்கு எட்டவில்லை.

நாடகம் பிரமாதம். திரை சிரித்தது, திரை சிரித்ததும் சபையும் சிரித்தது. முடிந்த கையோடு வாத்தியார் பெரியவரை மேடைக்கு அழைத்துவிட்டார். அக்கா மாலை போட்டாள். நான் நோட்டோடு இடது ஓரத்தில். ஆறு பேரும் வலது ஓரத் திரைக்குப் பின்னால். சுற்றிப் போக வழி கிடையாது. மேடையைக் குறுக்கே கடந்தால்தான் உண்டு.

பெரியவர் அக்காவைப் பார்த்தார். கண் கலங்கியது. (பேசியது கிரியோலில், எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். மதாம் என்றால் மனைவி.)

"இதைப் பார்க்க என் மதாமுக்குக் கொடுத்து வைக்கல. போய்ச் சேர்ந்துட்டா. ஐயோ..."

ஆறு பேரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் பழகிய சபையும் கூடவே சிரித்தது.

அவர் திகைத்துப் போய், "ஐயோ, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. ஐயோ, நிறுத்துங்கள் என்று வாத்தியார் எழுந்தார். முன் வரிசையில் அம்மா ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு இரட்டைச் சிரிப்பு.

அக்கா என்னைப் பார்த்தாள். உதட்டை அசைத்து, போய்ச் சொல்லு என்றாள். பத்தடி இருக்கும். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

பெரியவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அப்பாவிடம் மட்டும் மரியாதையாக, "உங்க வீட்டுல சந்தோஷம் ஜாஸ்தி. எங்க வீடு தாங்காது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

கடைசியில் ஆறு பேரும் வெளியே வந்து, சொன்னபடி காரவடை எங்கே என்று கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் தோளைத் தட்டி, "கடைசி சீன்தான் உயிரு. அந்த சர்தார் நிஜமாவே அழுதாரு பாரு" என்றாள்.

அக்கா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு பாம்பூ என்ற ஊரில் கல்யாணமானது. நல்ல மனிதர், நாலு பிள்ளைகள். ஒரு குறையும் இல்லை என்பாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள்.

குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி இன்றைக்கும் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். குரல் மாற்றி, மாலை கழற்றுவதுவரை நடித்துக் காட்டுவாள். முடிவில் எப்போதும் இதுதான்:

"எனக்கு வந்த மாப்பிள்ளைய ஆறு பேரு சிரிச்சே துரத்தினாங்க. பாவம், அவங்க மேல தப்பில்ல. ஏழாவதா ஒருத்தி இருந்தா. அவளுக்குப் பத்தடி நடக்க வரல."

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய. அவள் மட்டும் சிரிப்பதில்லை.